தாளிச்சா: எலும்பும் பருப்பும் காயும் சேர்ந்த குழம்பை முதன்முறையாக வைப்பவர்களுக்கு

நாகூர், கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் ஆகிய ஊர்களின் கல்யாண வீடுகளில் நெய்ச்சோற்றோடு பரிமாறப்படும் தாளிச்சாவை டெல்டாக்காரர்களில் பலர் எப்போதாவது ஒருமுறை சாப்பிட்டிருப்பார்கள். ஆட்டெலும்பு, பருப்பு, நாலைந்து நாட்டுக் காய்கள், அவற்றுக்கு மேல் சிறிது புளிப்பு என எல்லாம் ஒரே பாத்திரத்தில் சேர்ந்து கொதிக்கும் கெட்டியான குழம்பு அது. பருப்பைக் குறிக்கும் ‘தால்’ என்ற சொல்லிலிருந்து பிறந்த இந்தப் பெயரை ஹைதராபாத்தில் தால்ச்சா என்பார்கள். நம் பக்கத்தில் அது தாளிச்சா என்றாகி, தாளிப்பதிலிருந்து வந்த தமிழ்ச் சொல்லைப் போலவே காதில் விழுகிறது. பிரியாணிக்குச் சதைக்கறியை எடுத்த பிறகு மிஞ்சும் எலும்பும் கொழுப்பும் இதில் சேர்ந்துவிடுவதால் விருந்து வீடுகளுக்கு இது சிக்கனமான பண்டம். வீட்டில் வைத்தாலும் அப்படித்தான்: அரைக் கிலோ எலும்புக்கறியைக் கொண்டு ஆறு பேருக்கு வயிறு நிறையச் சோறு போடலாம்.

இதைக் கடினமான சமையல் என்று சொல்ல முடியாது. ஆனால் பாத்திரம் ஒன்றாக இருந்தாலும் அதில் விழும் பொருள்கள் ஒவ்வொன்றுக்கும் வேகும் நேரம் வேறு வேறு என்பதை மறந்தால் குழம்பு கெட்டுவிடும். நான் முதன்முறை வைத்தபோது கறி, கடலைப்பருப்பு, கத்திரிக்காய், மாங்காய், புளிக்கரைசல் ஆகிய அனைத்தையும் குக்கரில் கொட்டி ஆறு விசில் விட்டேன். மூன்றாவது விசிலிலேயே பருப்பு நுரை மேலே பொங்கி அடுப்பெல்லாம் மஞ்சளாக வழிந்தது. மூடியைத் திறந்து பார்த்தால் கத்திரிக்காயில் காம்பு மட்டும் மிஞ்சியிருந்தது. கடலைப்பருப்போ பல்லில் கல்லைப்போல் கடிபட்டது. எதிர்வீட்டு அக்கா ஒரு கரண்டி வாயில் வைத்துப் பார்த்துவிட்டு, “புளிய யாரு தம்பி மொதல்ல ஊத்தச் சொன்னது?” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்விக்கான விடையே இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி.

புளிப்பு, காய்களையும் பருப்பையும் வேகவிடாமல் தடுக்கும். காயின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டவைத்திருக்கும் பெக்டின் என்ற பொருள் வெந்நீரில் கரையும்போதுதான் காய் மெத்தென்று ஆகிறது. நீரில் புளிப்பு ஏறினால் அந்தக் கரைதல் மிகவும் மந்தமாகிவிடுகிறது. பருப்புக்கும் இதே கதிதான். ஆகையால் புளியும் மாங்காயும் மற்றவை முக்கால் பதம் வெந்த பிறகே பாத்திரத்துக்குள் போகவேண்டும். இதிலேயே ஒரு நன்மையும் உண்டு: சரியான பதத்தில் வெந்த காயின்மேல் புளியை ஊற்றினால், அதற்குப் பிறகு சிறிது நேரம் கொதித்தாலும் காய் எளிதில் குழைந்துவிடாது.

கறி வாங்குவது

கறிக்கடைக்குப் போய் “அரைக் கிலோ மட்டன்” என்று பொதுவாகக் கேட்டால் கடைக்காரர் தொடைக்கறியைத்தான் வெட்டித் தருவார். தொடைக்கறி வறுவலுக்கும் பிரியாணிக்கும் நல்லது. தாளிச்சாவுக்கு அதில் பாதிப் பயன்கூட இல்லை. இந்தக் குழம்பின் ருசியும் அடர்த்தியும் எலும்பைச் சுற்றியுள்ள சவ்விலும் மூட்டிலும் இருக்கின்றன. அங்கிருக்கும் கொலாஜன் என்ற புரதம் நீண்ட நேரம் ஈரச்சூட்டில் வேகும்போது ஜெலட்டினாக மாறிச் சாற்றில் கரைவதால்தான் குழம்பு உதட்டில் லேசாக ஒட்டுகிறது. எனவே, “தாளிச்சாவுக்கு வேணும் பாய், நெஞ்செலும்பும் கழுத்தும் கலந்து அரைக் கிலோ போடுங்க, நல்லி ரெண்டு வையுங்க” என்று கேளுங்கள். என்ன சமைக்கப்போகிறோம் என்று சொல்லிவிட்டால் துண்டின் அளவை அவரே பார்த்து வெட்டிவிடுவார். “கொழுப்பு போடவா?” என்று கேட்டால் ஒரு சிறு துண்டு போதும் என்று சொல்லலாம்.

வெள்ளாடா செம்மறியா என்று தெரிந்துகொள்ள விரும்புபவர்கள் தொங்கும் ஆட்டின் வாலைப் பார்க்கலாம். வெள்ளாட்டின் வால் குட்டையாக மேல்நோக்கி நிமிர்ந்திருக்கும், செம்மறியின் வால் கீழ்நோக்கித் தொங்கும். இரண்டிலும் தாளிச்சா வைக்கலாம். செம்மறியில் கொழுப்பு மிகுதி என்பதால் தனியாகக் கொழுப்பு வாங்கவேண்டாம்.

வீட்டுக்கு வந்ததும் மஞ்சள்தூள் கலந்த தண்ணீரில் ஒருமுறையும் வெறுந்தண்ணீரில் ஒருமுறையும் அலசி, வடிதட்டில் வையுங்கள். எலும்புத் துணுக்குகள் போகும்வரை அலசவேண்டும். ஆனால் மணிக்கணக்கில் ஊறவைக்கக் கூடாது. பச்சைக்கறி பட்ட பலகையையும் கத்தியையும் சோப்புப் போட்டுக் கழுவாமல் அவற்றில் காய் நறுக்காதீர்கள்.

பருப்பும் தண்ணீரும்

ஆறு பேருக்குத் துவரம்பருப்பு 150 கிராம், கடலைப்பருப்பு 50 கிராம் போதும். துவரம்பருப்பு கரைந்து குழம்புக்கு உடம்பு கொடுக்கும். கடலைப்பருப்பு பாதி உடைந்தும் பாதி முழுதாகவும் வாயில் தட்டுப்படவேண்டும். கடலைப்பருப்பு மட்டுமே போடும் வீடுகளும் உண்டு. எனக்கு அது சற்று மாவுபோலத் தோன்றும். ஆனாலும் இது அவரவர் நாக்கைப் பொறுத்தது. கடலைப்பருப்பை ஒரு மணி நேரமாவது ஊறவைக்கவேண்டும்.

கடலோரப் பகுதிகளில் நிலத்தடி நீர் உவர்ப்பாகவோ கடினமாகவோ இருப்பது டெல்டாவில் குடியேறும் புதியவர்களுக்குப் பெரும்பாலும் பருப்பு வேகாதபோதுதான் தெரியவருகிறது. கடின நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் பெக்டினோடு பிணைந்து பருப்பை இறுக்கிவிடும். ஆழ்குழாய்த் தண்ணீர் அப்படி இருந்தால், பருப்புக்கு மட்டும் குடிநீரைப் பயன்படுத்துங்கள். அதுவும் இல்லையென்றால் ஊறவைக்கும் நீரில் ஆப்பசோடாவை இரண்டு விரல் நுனியில் எடுத்துப் போட்டு, ஊறியதும் அந்த நீரைக் கொட்டிவிடலாம். சோடா கூடினால் குழம்பில் சோப்பு வாடை வந்துவிடும்.

காய்கள்

வாழைக்காய் ஒன்று, முருங்கைக்காய் ஒன்று, நடுத்தரக் கத்திரிக்காய் நான்கு, சுரைக்காயில் ஒரு கீற்று, சிறிய மாங்காய் ஒன்று: இதுதான் நான் போடும் கணக்கு. உருளைக்கிழங்கு சேர்ப்பவர்கள் வாழைக்காயை விட்டுவிடலாம். மாவுச்சத்துள்ள காய் ஒன்று இருந்தால் போதும், இரண்டும் சேர்ந்தால் குழம்பு ஆறியதும் களியாகிவிடும்.

காய்களைக் கண்ணுக்கு அதிகமாகத் தெரியும்படி பெரிதாகவே நறுக்கவேண்டும். வாழைக்காயைத் தோல் சீவி இரண்டு அங்குலத் துண்டுகளாக வெட்டுங்கள். கையில் எண்ணெய் தடவிக்கொண்டால் பால் ஒட்டாது. முருங்கைக்காயை விரல் நீளத்துக்கு நறுக்குங்கள். கத்திரிக்காயின் காம்பை முழுக்க எடுத்துவிடாமல், காம்போடு சேர்த்து நாலாகப் பிளந்து, உடனே உப்புத் தண்ணீரில் போட்டால் கறுக்காது. காம்பு ஒட்டியிருந்தால் கொதிக்கும்போதும் காய் சிதறாது. மாங்காயைக் கொட்டையோடு நீளவாக்கில் அரிந்துகொள்ளலாம். கொட்டைத் துண்டைச் சப்புவதற்கென்றே காத்திருப்பவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருப்பார்கள். மாங்காய் கிடைக்காத மாதங்களில் புளியின் அளவைச் சற்றுக் கூட்டிக்கொண்டால் போதும்.

பாத்திரம்

கறிக்கும் பருப்புக்கும் குக்கர் தேவை. குழம்பைக் கூட்டுவதற்கு வாயகன்ற, அடிகனமான பாத்திரம் ஒன்று தேவை. கும்பகோணம் பித்தளைப் பாத்திரம் வீட்டில் இருந்தால் உள்ளே ஈயப்பூச்சு முழுமையாக இருக்கிறதா என்று பார்த்த பிறகே அடுப்பில் ஏற்றுங்கள். பூச்சு தேய்ந்து மஞ்சள் உலோகம் தெரிந்தால், புளியும் மாங்காயும் அதில் பட்டுச் செம்பு குழம்பில் கரையும். கசப்பு ஏறுவதோடு வயிற்றுக்கும் ஆகாது. சந்தேகம் இருந்தால் எவர்சில்வரே போதும்.

சமைக்கும் முறை

முதலில் கறி. குக்கரில் அலசிய கறி, கால் தேக்கரண்டி மஞ்சள்தூள், ஒரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுது, ஒரு தேக்கரண்டி உப்பு, முக்கால் லிட்டர் தண்ணீர் ஆகியவற்றைப் போட்டு, மூடாமலேயே கொதிக்கவிடுங்கள். மேலே சாம்பல் நிறத்தில் நுரை கட்டும். அதைக் கரண்டியால் வழித்தெடுத்த பிறகு மூடி, வெயிட் போட்டு, முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் வைக்கவேண்டும். முற்றிய ஆடாக இருந்தால் 25 நிமிடம்கூட ஆகும். விசிலை எண்ணுவதைவிடக் கடிகாரத்தைப் பார்ப்பது மேல். ஏனெனில் விசில் வரும் வேகம் தீயையும் தண்ணீரின் அளவையும் பொறுத்து மாறும். ஆவி தானாக அடங்கட்டும். கறி எலும்பைவிட்டு நழுவும் நிலைக்குச் சற்று முன்பாக இருக்கவேண்டும், ஏனெனில் இன்னும் அரைமணி நேரம் அது குழம்பில் கொதிக்கப் போகிறது.

அதே நேரத்தில் இன்னொரு குக்கரிலோ, கறியை வேறு பாத்திரத்துக்கு மாற்றிவிட்டு அதே குக்கரிலோ, இரண்டு பருப்புகளையும் மஞ்சள்தூள், ஒரு தேக்கரண்டி எண்ணெய், அரை லிட்டர் தண்ணீர் சேர்த்து வேகவிடுங்கள். எண்ணெய் நுரையைக் கட்டுப்படுத்தும். பருப்பு வேகவைக்கும்போது குக்கரில் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. நுரை போய் ஆவிக்குழாயை அடைத்துக்கொண்டால் ஆபத்து. வெந்ததும் மத்தால் இரண்டு சுற்று மட்டும் மசித்து நிறுத்திவிடுங்கள்.

இனிப் பெரிய பாத்திரம். மூன்று மேசைக்கரண்டி எண்ணெயைக் காயவைத்து, பட்டை ஒரு துண்டு, கிராம்பு மூன்று, ஏலக்காய் இரண்டு போட்டுப் பொரியவிட்டு, நீளமாக அரிந்த பெரிய வெங்காயம் இரண்டையும் கீறிய பச்சைமிளகாய் மூன்றையும் சேர்த்து வதக்கவேண்டும். குடியிருக்கும் ஊரில் வாசனைக்குப் போடும் ரம்பை இலை கிடைத்தால் ஒரு துண்டு இந்த நேரத்தில் போடலாம். வெங்காயம் கண்ணாடிபோல் ஆகி ஓரங்களில் பொன்னிறம் ஏறியதும் இன்னொரு மேசைக்கரண்டி இஞ்சி பூண்டு விழுதைப் போட்டு, தீயைத் தணித்து, கைவிடாமல் கிளறுங்கள். இது அடிபிடிக்கும் கட்டம். விழுது பாத்திரத்தில் ஒட்டத் தொடங்கினால் ஒரு கை தண்ணீர் தெளித்தால் விட்டுவிடும். பச்சை வாடை போய்விட்டது என்பதை எப்படி அறிவது என்று புதியவர்கள் கேட்பதுண்டு. மூக்கில் ஏறும் காரமான நெடி மாறி, வாசம் இனிப்பாகத் திரும்பும். எண்ணெயும் விழுதின் ஓரத்தில் தனியாகத் தெரியும். அதன்பின் நறுக்கிய தக்காளி இரண்டைப் போட்டுக் குழைய வதக்கி, மிளகாய்த்தூள் ஒன்றரைத் தேக்கரண்டி, மல்லித்தூள் மூன்று தேக்கரண்டி, சீரகத்தூள் அரைத் தேக்கரண்டி சேர்த்து ஒரு நிமிடம் புரட்டுங்கள். தூள் கருகினால் குழம்பு முழுவதும் கசக்கும். அப்படி நேர்ந்துவிட்டால் அந்த மசாலாவைக் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குவதே நல்லது. இரண்டு வெங்காயத்தைக் காப்பாற்றப்போய் அரைக் கிலோ கறியை இழக்கவேண்டாம்.

இப்போது வெந்த கறியைச் சாற்றோடு ஊற்றி, கொதி வந்ததும் வாழைக்காயையும் முருங்கைக்காயையும் போடுங்கள். ஆறேழு நிமிடம் கழித்துக் கத்திரிக்காயும் சுரைக்காயும். மேலும் ஆறு நிமிடத்தில் கத்திரிக்காயைக் கரண்டியின் விளிம்பால் அழுத்தினால் தோல் எதிர்த்து நிற்கும், சதை இடம் கொடுக்கும். அதுதான் முக்கால் பதம். இந்தப் பதத்தைக் கண்டுகொள்வதுதான் தாளிச்சாவில் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரே வித்தை, மற்றதெல்லாம் ஒழுங்கு.

முக்கால் பதம் வந்ததும் மசித்த பருப்பை ஊற்றிக் கலந்து, மாங்காயைப் போடுங்கள். பருப்பு விழுந்த நொடியிலிருந்து குழம்பு அடியில் உட்காரத் தொடங்கும். ஆகவே தீயைக் குறைத்து, கரண்டியை அடிவரை விட்டு மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கவேண்டும். வட்டமாகச் சுழற்றிக் கிளறினால் காய் உடையும். குழம்பு அதிகக் கெட்டியாகத் தோன்றினால் வெந்நீர் சேர்க்கலாம், பச்சைத் தண்ணீர் வேண்டாம்.

ஐந்து நிமிடம் கழித்து மாங்காய்த் துண்டொன்றின் ஓரத்தைச் சுவைத்துப் பாருங்கள். மாங்காயே நல்ல புளிப்பாக இருந்தால் சிறிதளவு புளி போதும்; இல்லையென்றால் பாதி எலுமிச்சை அளவுப் புளியை அரை டம்ளர் வெந்நீரில் கரைத்து வடிகட்டி, ஒரேயடியாக ஊற்றாமல் பாதிப் பாதியாகச் சேர்த்துச் சுவை பார்க்கவேண்டும். உப்பையும் இப்போதுதான் சரிபார்க்க வேண்டும், ஏனென்றால் புளி சேர்ந்த பிறகே உப்பின் உண்மையான அளவு நாக்குக்குத் தெரியும்.

புளி ஐந்து நிமிடம் கொதித்ததும், அரைமூடித் தேங்காயில் பாதியைத் துருவி ஒரு தேக்கரண்டி சோம்போடு மைய அரைத்த விழுதைக் கரைத்து ஊற்றுங்கள். பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கத்துத் தோப்புகளின் தேங்காய்க்குப் பழகிய வீடுகளில் இன்னும் தாராளமாகவே ஊற்றுவார்கள். முதல் தடவைக்கு இந்த அளவே போதும், கூடினால் பருப்பின் மணம் அமுங்கிவிடும். தேங்காய் சேர்ந்த பிறகு குழம்பு தளதளவென்று கொதிக்கக் கூடாது. ஓரங்களில் நுரை கூடி, நடுவில் இரண்டு மூன்று குமிழ் வெடித்தால் அடுப்பை அணைத்துவிடலாம்.

கடைசியில் தாளிப்பு. ஒரு மேசைக்கரண்டி நெய்யில் நாலைந்து சின்ன வெங்காயத்தை அரிந்து போட்டுச் சிவக்கவிட்டு, கறிவேப்பிலை ஒரு கொத்து, கிள்ளிய வரமிளகாய் இரண்டு சேர்த்துப் பொரிந்ததும் குழம்பின் மேல் கொட்டி உடனே மூடுங்கள். மல்லித்தழை தூவலாம். பத்து நிமிடம் மூடியபடி இருந்த பிறகே திறக்கவேண்டும்.

தவறு நேர்ந்தால்

அடிபிடித்த வாடை வந்தால் கரண்டியை உள்ளே விடவே கூடாது. மேலிருப்பதை மட்டும் மெதுவாக வேறு பாத்திரத்துக்குச் சாய்த்து மாற்றிவிட்டு, ஒட்டியிருப்பதை அப்படியே விட்டுவிடுங்கள். உப்புக் கூடிவிட்டால் உருளைக்கிழங்கை வெட்டிப் போடுவதைப் பலர் பரிந்துரைப்பார்கள். கிழங்கு உறிஞ்சும் நீரின் அளவுக்குத்தான் உப்பும் குறையும், அதனால் பெரிய மாற்றம் தெரியாது. உப்பில்லாமல் வேகவைத்த துவரம்பருப்பைக் கொஞ்சம் கூட்டி, வெந்நீர் விட்டு நெகிழவிடுவதே பலன் தரும். புளிப்புக் கூடினால் ஒரு நெல்லிக்காய் அளவு வெல்லம் போடலாம். கொழுப்பு மேலே தடிமனாக மிதந்தால் கரண்டியால் மொண்டு எடுத்துவிடுங்கள். மறுநாள் குளிர்பெட்டியிலிருந்து எடுக்கும்போது அது வெள்ளையாக உறைந்திருக்கும் என்பதால் அப்போது நீக்குவது இன்னும் எளிது.

பரிமாறுவதும் பாதுகாப்பதும்

சீரகச் சம்பாவில் வடித்த நெய்ச்சோறுதான் இதற்கு முறையான துணை. கல்யாண வீடுகளில் நாலு பேர் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றி உட்கார்ந்து சாப்பிடும்போது, நெய்ச்சோற்றின் நடுவில் குழிபறித்துத் தாளிச்சாவை ஊற்றுவார்கள். அன்றாடத்துக்குப் பொன்னியரிசிச் சோறும் ஒரு அப்பளமும் போதும். சோற்றில் ஊற்றினால் பரவவேண்டும், தேங்கி நிற்கக் கூடாது. ஆறும்போது இன்னும் இறுகும் என்பதால் அடுப்பில் இருக்கும்போதே ஒரு கரண்டி அதிக நெகிழ்வாக வைத்துக்கொள்ளுங்கள்.

பருப்பு, கறி, தேங்காய் மூன்றுமே விரைவில் கெடக்கூடியவை. சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள், சித்திரை வெயில் காலத்தில் ஒரு மணி நேரத்துக்குள், மிஞ்சியதை அகலமான பாத்திரங்களில் பிரித்து ஊற்றிக் குளிர்பெட்டியில் வைத்துவிடவேண்டும். பெரிய பாத்திரத்தோடு வைத்தால் நடுப்பகுதி குளிர வெகுநேரமாகும். இரண்டு நாள்வரை வைத்துக்கொள்ளலாம். எடுக்கும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, கால் டம்ளர் வெந்நீர் விட்டு, நன்றாகத் தளதளக்கும்வரை சுடவைக்கவேண்டும். வெதுவெதுப்பாகச் சூடாக்கி நிறுத்துவது ஆகாது. புளி ஊறியிருப்பதால் மறுநாள் காலை தோசைக்கு இது முதல்நாளைவிட நன்றாகவே இருக்கும்.

நல்லி எலும்பு இரண்டுதான் போட்டோம், சாப்பிடுபவர்கள் ஆறு பேர். அதை யார் தட்டில் வைப்பது என்பதைச் சமைத்தவர் பரிமாறுவதற்கு முன்பே முடிவுசெய்து, குழம்பின் அடியில் ஒளித்து வைத்துக்கொள்ளலாம்.